மஞ்சள் கல்லும் என் காசி யாத்திரையும்

1972-ம் வருடம், தை மாதம். தியாகராய நகரில், பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்த கல்யாண மண்டபம். கல்யாணம் எனக்குத்தான். 'மறக்க முடியாத அனுபவம் என்று சொந்தக் கல்யாணத்தைச் சொல்கிறாரே, சமர்த்து' என்று சிரிக்காதீர்கள். நான் சொல்ல வந்தது தாலி கட்டிய கதை அல்ல. தாலி கட்டுவதற்கு முன்னால் அந்த மண்டபத்தில் நான் பட்ட பாடு. இன்று நினைத்தாலும் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான்.

அப்போது நான் ஆழ்வார்பேட்டையில் ஒரு காஸ் ஏஜென்சியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். காஸ் அடுப்பு இன்னும் அதிசயமாக இருந்த காலம். மயிலாப்பூரில் ஒரு வீட்டுக்குக் காஸ் வந்துவிட்டால் அக்கம்பக்கத்து மாமிகள் எல்லாம் வந்து ஒருமுறை பற்றவைத்துப் பார்த்துவிட்டுப் போவார்கள். வீட்டுக்கு ஒரு சிலிண்டர் போதும். ஓட்டல், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி மாதிரி இடங்களில் அப்படி முடியாது. தனியாக ஒரு கொட்டகையில் சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி, அங்கிருந்து மண்ணுக்கடியில் இரும்புக் குழாய் பதித்துச் சமையலறைக்குக் கொண்டுபோவோம். அந்தக் குழாய்களை அவ்வப்போது போய்ப் பரிசோதிப்பதுதான் என் உத்தியோகம். மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி நுரை கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். துரு ஏறியிருக்கிறதா, வால்வு இறுக்கமாக மூடுகிறதா, குழாய் போகிற வழியில் யாராவது மண்ணைத் தோண்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

வேலை கஷ்டமில்லை. மனிதர்கள்தான் கஷ்டம். ஒரு ஹாஸ்டலில் காஸ் குழாயைக் கொடியாக்கி ஈரத் துண்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள். அடையாறில் ஒரு ஓட்டல்காரர், கசிவு இருக்கிறதா என்று தானே பரிசோதித்துவிட்டதாகப் பெருமையாகச் சொன்னார். எப்படி என்று கேட்டேன். மூட்டுக்குப் பக்கத்தில் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினாராம். "பத்திக்கலையே சார், அப்போ லீக் இல்லேன்னு அர்த்தம்" என்றார். இவர்களிடம் மெதுவாகப் பேசிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் கத்துவது ஒன்றுதான் எனக்கு வழக்கமாகிப் போனது. ஏஜென்சியில் எனக்குப் பட்டப்பெயரே 'பிரஷர் குக்கர்'.

இந்தக் கல்யாண மண்டபத்துக்கு வருகிறேன். கல்யாணச் சமையல் என்றாலே எல்லா இடத்திலும் விறகடுப்புதான். தெற்கத்திப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் ஜவுளிக்கடை வைத்துப் பணக்காரரான ஒரு முதலாளி, 'புகையில்லாத காஸ் சமையல்' என்று போர்டு எழுதிப் போட்டு இந்த மண்டபத்தைக் கட்டினார். சிலிண்டர் கொட்டகை கொல்லைக் கோடியில். குழாய் அங்கிருந்து கொல்லையைக் குறுக்காகக் கடந்து, மளிகையும் காய்கறியும் வைக்கும் உக்கிராண அறையை ஒட்டிச் சென்று, சமையல்கட்டுக்குள் நுழையும். கொல்லை வெறும் மண் தரை. கூட்டம் அதிகமானால் அங்கேதான் சாப்பாட்டுப் பந்தல் போடுவார்கள். பந்தல் என்றால் கால் நட வேண்டும், கால் நட வேண்டுமென்றால் கடப்பாரை போட வேண்டும்.

அதை நினைத்து நினைத்துக் கவலைப்பட்டுத்தான் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். குழாய் போகும் வழி நெடுகக் கருங்கற்களை நட்டேன். தூரத்திலிருந்தே கண்ணில் படட்டும் என்று பளிச்சென்று மஞ்சள் பெயிண்ட் அடித்து, கறுப்பில் 'காஸ் குழாய் - தோண்டாதே' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மைல்கல் மாதிரி ஜோராக இருந்தது. சென்னையில் வேறு எவனுக்கும் தோன்றாத யோசனை என்று எனக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. அங்கே வழக்கமாகப் பந்தல் போடுகிறவரையும் கூப்பிட்டு, மஞ்சள் கல் இருக்கிற இடத்தில் கடப்பாரை போடக்கூடாது என்று சொல்லிவைத்தேன்.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனேன். நடுவில் இருந்த கல்லுக்குக் குங்குமம் இட்டு, செம்பருத்திப் பூ வைத்து, எதிரில் கற்பூரம் கொளுத்திய கறை. என் எழுத்தின் மேல் மஞ்சளைக் குழைத்து அப்பியிருந்தார்கள். சமையல் ஆட்களுக்கு அடுப்பு மூட்டும் முன் பிள்ளையாரைக் கும்பிடுகிற பழக்கம். கொல்லையில் மஞ்சளாக ஒரு கல் நட்டுக்கொண்டு நின்றது. போதாதா? காஸ் குழாய்க்கு நேர் மேலே கற்பூரம்!

முதலாளிக்கு உறவுக்காரர் ஒருவர் அங்கே மேனேஜர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நெற்றி நிறைய விபூதி, எதற்கும் சிரித்த முகம். அவரைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். இந்த அசிங்கத்தையெல்லாம் உடனே கழுவச் சொன்னேன்.

"கழுவிரலாம் சார். அபிஷேகம்னு வெச்சுக்கிடலாம். ஆனா பொம்பளையாள்க கும்பிட்டுட்டாவ. இனிமே சாமி இல்லேன்னு எப்படிச் சொல்லுதது?" என்றார்.

நானே வாளியில் தண்ணீர் கொண்டுவந்து தேய்த்துக் கழுவினேன். சமையல்கட்டு ஜன்னலிலிருந்து இரண்டு பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். இனி அந்தக் கல்லில் ஒரு பொட்டு இருந்தால்கூடக் காஸை நிறுத்திவிடுவேன் என்று மேனேஜரை மிரட்டிவிட்டு வந்தேன். அவரும் தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண் மயிலாப்பூர். மாமனார் பள்ளிக்கூட வாத்தியார். தெற்கு மாடவீதிக்குப் பக்கத்தில் வீடு. அவர் மண்டபம் தேடி அலைந்து, நான் பரிசோதிக்கிற இந்த மண்டபத்தையே பிடித்துவிட்டு, "மாப்பிள்ளைக்கு சௌகரியமா இருக்கும், தெரிஞ்ச இடமாச்சே" என்று பூரித்துப் போனார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? வேலைக்குப் போகாத ஒரு நாளிலும் அந்தச் சிலிண்டர் கொட்டகையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும் என்பது என் தலையெழுத்து.

முதல் நாள் மாலை ஜானவாச ஊர்வலம். காரில் உட்காரவைத்து என்னைத் தெருத்தெருவாகச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கொல்லையில் பந்தல் வேலை நடந்திருக்கிறது. திரும்பி வந்ததும் மேனேஜரைக் கூப்பிட்டு, கல் எல்லாம் இருக்கிறதா என்று கேட்டேன். "பத்திரமா இருக்கு சார். இன்னைக்காவது நீங்க மாப்பிள்ளையா இருங்க" என்றார். கொல்லைக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று கிளம்பினேன். மாப்பிள்ளை கொல்லைப்பக்கம் போகப்படாது என்று என் அத்தை கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள்.

மறுநாள் காலை. மாப்பிள்ளைக்கான விரதச் சடங்கு நடந்துகொண்டிருந்தது. ஹோமப் புகை, ஊதுபத்தி, காபி, நெய் எல்லாம் கலந்த அந்தக் கல்யாண வாசனைக்கு நடுவே, ஒரு கணம் வேறு ஒன்று வந்து போனது. காஸில் கசிவு தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புவார்கள். தினமும் அந்த நாற்றத்தோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். என் மூக்கு அதைத் தூக்கத்தில்கூடத் தவறவிடாது.

பக்கத்தில் இருந்த அம்மாவிடம் சொன்னேன். "இன்னிக்கு ஒரு நாளாவது ஆபீசை மறந்து தொலையேண்டா" என்றாள். சாஸ்திரிகளிடம் சொன்னேன். மந்திரத்துக்கு நடுவில் பேசப்படாது என்று விரலால் ஜாடை காட்டினார். மாமனார் அந்தப் பக்கம் வந்தார். அவரிடம் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப் போனது. குரலைத் தாழ்த்தி, "மாப்பிள்ளே, மன்னிக்கணும். உக்கிராணத்துல கோஸ் அழுகிப் போயிடுத்து போலிருக்கு. வேற வாங்கிண்டு வர ஆள் அனுப்பிருக்கேன். உங்காத்து மனுஷாளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்.

கோஸ்! அழுகின முட்டைக்கோஸ் நாற்றமும் காஸ் நாற்றமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். சம்பந்திகளுக்குத் தெரியக்கூடாது என்று உக்கிராணக் கதவை வேறு இழுத்துச் சாத்தியிருக்கிறார்கள். அந்த அறை கூடத்தைவிட இரண்டு படி பள்ளம். காஸ் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாகப் படர்ந்து பள்ளத்தில் போய்த் தேங்கும். அந்த அறையின் ஒரு கதவு கூடத்தில் திறக்கிறது. கூடத்தில் அத்தனை உறவுக்காரர்கள், குழந்தைகள். குத்துவிளக்கு எரிகிறது. விரதத்துக்கு வளர்த்த ஹோமத்தை அப்போதுதான் முடித்திருந்தார்கள். அடுத்து முகூர்த்தத்துக்கு மணவறையில் பெரிதாக ஒன்று வளர்க்கப் போகிறார்கள். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மூன்று பேர் அமுக்கி உட்காரவைத்தார்கள்.

ஒரு வழியாகக் காசி யாத்திரை வந்தது. எங்கள் கல்யாணங்களில் இது ஒரு வேடிக்கை. மாப்பிள்ளை சம்சாரமே வேண்டாமென்று குடை, விசிறி, தடி சகிதம் காசிக்குக் கிளம்புவான். பெண்ணின் அப்பா தெருவில் வழிமறித்து, என் பெண்ணைத் தருகிறேன், திரும்பி வா என்று கெஞ்சுவார். இவனும் பெரிய மனசு பண்ணித் திரும்புவான். பஞ்சகச்சமும் கண்மையுமாக என்னை நாதஸ்வரத்தோடு வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். வெளியே கால் வைத்தேனோ இல்லையோ, காசி இருக்கிற திசையை விட்டுவிட்டுப் பக்கத்துச் சந்து வழியாகக் கொல்லையைப் பார்த்து ஓடினேன். பின்னால் ஒரே சிரிப்பு. "மாப்பிள்ளை நெஜமாவே கெளம்பிட்டார்டோய்" என்று யாரோ கத்தினார்கள். நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டே என் பின்னால் வந்துவிட்டார்.

கொல்லையில் பந்தல் நின்றது. நடுக்கல்லைக் காணோம். அது இருந்த இடத்துக்கு ஓரடி தள்ளி, குழாய் போகும் வழியில் கச்சிதமாக, ஒரு பந்தல் கால். புழுதி அடங்குவதற்காகக் காலையில் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அந்தக் காலின் அடியில் ஈரச் சேறு கொப்புளம் கொப்புளமாக வெடித்துக்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீருக்கு அவசியமே இல்லை. கசிந்தது குழாய் பதித்த பள்ளத்தோடு போய் உக்கிராணத்தில் இறங்கியிருக்கிறது.

கொட்டகைச் சாவி கேட்டுக் கூவினேன். மேனேஜர் ஓடி வந்தார். கல் எங்கே என்றேன். அவர் கொல்லை மூலையில் வேப்பமரத்தடியைக் காட்டினார். அங்கே புதிதாகச் சிமெண்ட் மேடை கட்டி, என் கல்லுக்கு மஞ்சள் துண்டு உடுத்தி, பூ சார்த்தி வைத்திருந்தார்கள்.

"எச்சிலை எடுத்துக்கிட்டுப் போற பாதைல்லா சார். காலு படும். அதான் மரியாதையா அங்கன கொண்டுபோயி வெச்சோம். பத்திரமா இருக்குன்னு நேத்தே சொன்னேன்லா" என்றார்.

பந்தல்காரர் அங்கேதான் கீற்றுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் அவர்மேல் பாய்ந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா சார், என்னான்ட கத்துற? மஞ்சக் கல்லு கீற எடத்துல கடப்பாரை போடாதேன்னு நீதானே போன தபா சொன்னே? கல்லு இல்லாத எடமாப் பாத்துத்தானே குழி போட்டேன்" என்றார். பாவம், அவர் சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. இந்த மண்டபத்தில் என் பேச்சைக் கேட்ட ஒரே மனிதர் அவர்தான், கேட்டதால்தான் குழாயைக் குத்தியிருக்கிறார்!

கொட்டகையைத் திறந்து வால்வுகளை மூடினேன். எல்லாம் முழுதாகத் திறந்து கிடந்தன. காலையிலிருந்து அடுப்பு சரியாக எரியவில்லை என்று சமையல்காரர் சொல்லி, மேனேஜர் ஒவ்வொரு சிலிண்டராகத் திறந்துவிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். அடுப்பு ஏன் எரியவில்லை என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. குழாயில் இருந்ததும் தீர்ந்து அடுப்புகள் அணைந்தன. சமையல்கட்டுக்குள்ளிருந்து ஒரு அலறல். சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்தார். "ஜாங்கிரிக்குப் பாகு பதத்துல நிக்கறது! எவன்டா அது மூடினவன்?" என்றார். மாப்பிள்ளை என்று பார்த்ததும் 'டா'வை மட்டும் வாபஸ் வாங்கிக்கொண்டார்.

இதற்குள் மாமனார் மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "மாப்பிள்ளே, என்ன கொறை வெச்சுட்டேன், வாயைத் தெறந்து சொல்லிடுங்கோ. ஸ்கூட்டருக்கு புக் பண்ணியாச்சு. நம்பர் வர வருஷமாகும்ங்கறான். நான் என்ன பண்ணுவேன்?" என்றார்.

நான் எந்த ஸ்கூட்டரையும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யார் கேட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. காஸ் கசிகிறது, உக்கிராணம் நிறைந்திருக்கிறது, கூடத்தைக் காலி பண்ணுங்கள் என்று அந்த மனிதரிடம் சொல்லச் சொல்ல, அவர் "அதெல்லாம் சரி மாப்பிள்ளே, கோபத்தை விட்டுடுங்கோ" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கெஞ்சுவது காசி யாத்திரையில் அவர் பங்கு. அதை நிஜமாகவே கெஞ்சினார்.

அவரை விலக்கிக்கொண்டு கொல்லைப்பக்கக் கதவு வழியாகக் கூடத்துக்குள் போனேன். பெண் வீட்டு மாமி ஒருத்தி, கெட்ட நாற்றம் போகட்டும் என்று சாம்பிராணித் தட்டில் தணலை ஊதிக்கொண்டே உக்கிராணக் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டிருந்தாள். தணல் சிவப்பாக இருந்தது.

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பாய்ந்து போய், கையிலிருந்த காசிக் குடையை அவளுக்கும் கதவுக்கும் நடுவில் விரித்தேன். மாமி 'வீல்' என்று அலறிக்கொண்டு பின்னால் சரிந்தாள். சாம்பிராணித் தட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, கூடத்தைக் கடந்து வாசல் வழியாக ஓடி, கொல்லையை நெருங்காமல் சந்துப் பக்கம் திரும்பி, தண்ணீர்க் குழாயடித் தொட்டியில் அமுக்கிவிட்டுத் திரும்பினேன்.

கூடத்தில் ஒரே அமளி. மாப்பிள்ளை மாமியை அடிக்கப் போனான் என்றது ஒரு கோஷ்டி. மாப்பிள்ளைக்குச் சித்தபிரமை, மறைத்துக் கல்யாணம் பண்ணுகிறார்கள் என்றது இன்னொன்று. எல்லோரும் தெருவுக்குப் போங்கள், விளக்கை அணையுங்கள் என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஒருவர் நகர வேண்டுமே! எனக்கு மாமா முறை ஆகிற ஒருவர், "நானும் இன்னும் டிபன் பண்ணலை. சித்தப் பொறு" என்றார். கல்யாண நாளில் மங்கள விளக்கை அணைக்கச் சொல்கிறானே என்று என் அம்மாவே தலையில் அடித்துக்கொண்டாள். மணவறையில் சாஸ்திரிகளின் உதவியாளர் அதுபாட்டுக்கு முகூர்த்த ஹோமத்துக்குச் செங்கல் அடுக்கி, வறட்டி போட்டு, வத்திப்பெட்டியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். உக்கிராணக் கதவின் கீழ் இடுக்கிலிருந்து நாற்றம் இப்போது எல்லோருக்குமே வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு கோஸைத் திட்டினார்கள்.

அழுகை வந்துவிட்டது எனக்கு. வாஸ்தவமாகச் சொல்கிறேன், என்னைப் பொறுத்தவரை அந்தக் கணம் எல்லாம் முடிந்துபோயிற்று.

அப்போது ஊஞ்சல் பக்கத்தில் மாலை மாற்றுவதற்காக உட்காரவைத்திருந்த பெண் எழுந்தாள். பெண் பார்க்கப் போனபோது ஒருமுறை பார்த்ததுதான். அதுவரை அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. கூறைப்புடவை கட்டுவதற்கு முன் கட்டிய பட்டுப்புடவை, தலையில் ராக்கொடி, கையில் மாலை. என்னை ஒருமுறை பார்த்தாள். குத்துவிளக்குக்குப் பக்கத்தில் குனிந்து, கையிலிருந்த மாலையில் ஒரு பூவைப் பிய்த்து, ஒவ்வொரு சுடராக அமர்த்தினாள். அப்புறம் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு, விடுவிடுவென்று வாசல் தாண்டித் தெருவில் இறங்கி நடந்துவிட்டாள்.

ஐயோ! பெண் போகிறாள், பெண் போகிறாள் என்று கூடம் மொத்தமும் எழுந்தது. அவள் அம்மா, அத்தைகள், சித்திகள், குழந்தைகள், அவர்களைத் தடுக்கப் போனவர்கள், வேடிக்கை பார்க்கப் போனவர்கள், வத்திப்பெட்டியும் கையுமாகச் சாஸ்திரிகளின் உதவியாளர், டிபன் சாப்பிடாத மாமா, கடைசியாக நாதஸ்வரக்காரர். எத்தனை கத்தினாலும் அசையாத கூட்டத்தை, அவள் ஒரு வார்த்தை பேசாமல் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டாள். எதிர்வீட்டு வாசலில் போய்த்தான் நின்றாள்.

நான் கதவுகளையும் ஜன்னல்களையும் விரியத் திறந்தேன். பந்தல்காரர் மட்டும் உள்ளே எனக்குத் துணைக்கு வந்தார். உக்கிராணத்தைத் திறந்ததும் அந்த நெடியில் இருவருக்கும் கண் எரிந்தது. மூலையில் கோஸ் மூட்டை இருந்தது. ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். பச்சைப்பசேல் என்று புதுக் கோஸ். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா சார் இது" என்றவர், காதில் செருகியிருந்த பீடியை எடுத்துத் தூர எறிந்தார். பெரிய பனையோலை விசிறியால் ஆளுக்கொரு பக்கம் தரையோடு தரையாக விசிறித் தள்ளினோம். பஞ்சகச்சத்தோடு நான் தரையில் தவழ்ந்து மூலை மூலையாக முகர்ந்து பார்த்ததை, ஜன்னலுக்கு வெளியே நின்று என் சம்பந்தி ஜனங்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முகூர்த்தம் தப்பவில்லை. ஆனாலும் உள்ளே தீ வளர்க்க நான் சம்மதிக்கவில்லை. வாசல் பந்தலில், தெருவைப் பார்க்க ஹோமம் வளர்த்துத் தாலி கட்டினேன். போகிற ரிக்‌ஷாக்காரர்கள் எல்லாம் நிறுத்தி அட்சதை போட்டுவிட்டுப் போனார்கள். சாப்பாட்டுக்கு விறகுத் தொட்டிக் கடையிலிருந்து விறகு வரவழைத்து, சாயங்காலம் பந்தி போட்டார்கள். ஜாங்கிரி கிடையாது.

இதில் என் வயிற்றெரிச்சல் என்ன தெரியுமா? ஒன்றுமே நடக்கவில்லை. ஒன்றுமே நடக்காததால், ஒன்றுமே நடந்திருக்காது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். என் உத்தியோகத்தின் லட்சணம் அது. கோஸ் நாற்றத்துக்குப் பயந்து மாப்பிள்ளை கலாட்டா பண்ணினார் என்றுதான் உறவில் வெகுநாள் பேச்சு. சமையல்காரர் எங்கே பார்த்தாலும் ஜாங்கிரிப் பாகைப் பற்றியே குறைப்பட்டுக்கொண்டார். மேனேஜர் மட்டும், எல்லாம் வேப்பமரத்தடிப் பிள்ளையார் காப்பாற்றியது என்று சொல்லி, கல்லுக்கு மேலே தகரக் கூரையும் போட்டுவிட்டார். நான் புதுக் கற்களை வாங்கி, இந்தத் தடவை நீலப் பெயிண்ட் அடித்து நட்டேன்.

சில நாள் கழித்து ஒரு மாலை, இருவரும் சாந்தோம் கடற்கரைக்குப் போயிருந்தோம். அப்போதுதான் அவளிடம் கேட்டேன். பெற்ற அம்மாகூட நம்பவில்லை, நீ எதை வைத்து நம்பினாய் என்று. காஸைப் பற்றி உனக்கு ஏதாவது தெரியுமா என்றும் கேட்டேன்.

"எங்காத்துல கரி போடற குமுட்டி அடுப்புதான். காஸைப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" என்றாள். மணலை அளைந்துகொண்டே, "எல்லாரும் நீங்க கத்தினதைக் கேட்டா. நான் உங்க கையைப் பாத்துண்டிருந்தேன். விரிச்ச குடை அப்படி நடுங்கித்து. மெரட்டறவாளுக்குக் கை நடுங்குமா? பயந்துண்டிருக்கேள்னு தெரிஞ்சுது. இத்தனை கூட்டத்துக்கு முன்னாடி ஒருத்தர் இவ்வளவு பயப்படறார்னா, அது நமக்காகத்தான் இருக்கணும்னு தோணித்து. எழுந்து வந்துட்டேன்" என்றாள்.

இத்தனை வருஷமாக ஓட்டல் ஓட்டலாக, ஹாஸ்டல் ஹாஸ்டலாக நான் கத்தியதெல்லாம் கோபம் என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பயம். இந்த ஜனங்கள் எரிந்து போய்விடுவார்களே என்ற பயம். ஆண்பிள்ளை, அதுவும் காஸ் இன்ஸ்பெக்டர், எப்படிப் பயப்படுவது என்று அதற்கு எரிச்சலைப் போர்த்திவிட்டிருந்தேன். ஜனங்கள் போர்வையைப் பார்த்துவிட்டு, 'இந்த ஆள் இப்படித்தான்' என்று அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

அந்த வாரமே அடையாறு ஓட்டல்காரரிடம் போனேன். மறுபடியும் தீக்குச்சிப் பரிசோதனை நடத்தியிருந்தார். வழக்கம்போல வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டேன். "எனக்குப் பயமா இருக்கு சார்" என்று மட்டும் சொன்னேன். சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது. அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தார். வத்திப்பெட்டியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "எங்கே சார், எந்த எடத்துல?" என்று குனிந்தார்.

கத்துவதை அடியோடு விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். எரிச்சல் பிறவிக் குணம், சுடுகாட்டுக்குப் போகும்வரை வரும். ஆனால் அதற்குப் பிறகு ரிட்டயர் ஆகும்வரை, நிஜமாகவே ஆபத்தான இடங்களில் என் பயத்தைச் சொல்லியே எத்தனையோ பேரை எழுப்பி வெளியே கொண்டுவந்திருக்கிறேன். என் சொல்லை நம்பி முதன்முதலில் எழுந்து வந்தவள் அன்று தெருவில் இறங்கியிராவிட்டால் அவர்களில் எவரையும் என்னால் எழுப்பியிருக்க முடியாது என்று, அவளிடமே இன்றுவரை நான் சொன்னதில்லை.